வெள்ளத்தில் நனைந்த காரும் அதன் மின் மூளையும்

புழல் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் நாரவாரிக்குப்பம், வடகரை, கொசப்பூர், மணலி வழியாக ஓடி, சடையங்குப்பத்தைக் கடந்து எண்ணூர்க் கடலில் கலக்கின்றது. பெருமழை பெய்யும் நாள்களில் இவ்வட்டார மக்களின் கண்கள் கால்வாயின் நீர்மட்டத்தின் மீதே இருக்கும். 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் மணலி, எண்ணூர்ப் பகுதிகளை நீரில் ஆழ்த்தின. பின்னதில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. வீட்டுப் பொருள்களைப் பரண்மேல் ஏற்றிவிடலாம். வாசலில் நிற்கும் காரை எங்கே ஏற்றுவது?

வாடகைக்கு ஓடும் கார் ஒன்றே பல குடும்பங்களில் அடுப்பெரியக் காரணமாக உள்ளது. வெள்ளம் வடிந்து சில வாரங்கள் சென்றபின் அந்தக் காரில் விந்தைகள் தொடங்கும். தொடாமலே கதவு பூட்டிக்கொள்ளும். மழையின்றியே வைப்பர் ஆடும். இரவில் நிறுத்திய கார் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். பட்டறைக்குச் சென்றால், “கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்ற தீர்ப்புக் கிடைக்கின்றது. செலவோ பல்லாயிரம் ரூபாய். அந்தத் தீர்ப்பைச் சற்றே ஆராய்வோம்.

மின் மூளை என்பது யாது?

பழைய கார்களில் சுவிட்சிலிருந்து விளக்குக்கு நேரே கம்பி சென்றது. இன்றைய கார்களில் சுவிட்ச் ஒரு செய்தியை மட்டுமே அனுப்புகின்றது. அதைப் பெற்று, விளக்கை எரிப்பதா, கதவைப் பூட்டுவதா என்று முடிவு செய்வது ‘பாடி கண்ட்ரோல் மாட்யூல்’ எனப்படும் சிறு கணினிப் பெட்டி. பி.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்வர். இது காரின் மற்றக் கணினிகளோடு இரண்டு கம்பிகளின் வழியே உரையாடுகின்றது. ‘கேன்’ எனப்படும் அந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

இந்தப் பெட்டி பல கார்களில் டேஷ்போர்டின் அடியில் உள்ளது. இருக்கை உயரத்திற்கு நீர் ஏறினால் அதன் கப்ளர்களும் நனையக்கூடும். கழிமுகத்து உப்பு நீரானால் முனைகளில் விரைவில் பச்சைக் களிம்பு பூக்கும்.

அமெரிக்காவில் கிடைத்த பாடம்

2014 மே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2004 முதல் 2012 வரையிலான மாலிபு உள்ளிட்ட ஏறத்தாழ 24 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியாது, மிதிக்காதபோது எரியும். கேட்பவர் எவரும் மென்பொருளையே ஐயுறுவர். காரணமோ, பி.சி.எம்.மின் வயரிங் இணைப்பில் ஏற்பட்ட அரிப்பு! இணைப்பை இறுக்கமாகப் பொருத்தி, அதற்குரிய மசகைத் தடவுவதே தீர்வின் முக்கியப் பகுதியாக இருந்தது.

சோதனையின் வரிசை

முதலில் பேட்டரி. நன்கு ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் கணினிகள் தடுமாறிப் பொய்க் குறைகளைப் பதிவு செய்யும்.

இரண்டாவது எர்த் இணைப்புகளும் ஃப்யூஸ்களும். மூன்றாவது கப்ளர்கள். பேட்டரியைக் கழற்றியபின் அவற்றைப் பிரித்து, ஈரமும் களிம்பும் உள்ளனவா என்று கண்ணால் காண வேண்டும்.

நான்காவது ஸ்கேனர். ஸ்டியரிங்கின் கீழுள்ள 16 முனைச் சாக்கெட்டில் இதனைப் பொருத்துவர். ‘பி’ என்று தொடங்கும் எண்கள் பாடிப் பகுதியையும், ‘யு’ என்பவை கணினிகளின் உரையாடலையும் குறிக்கும். ‘யு0140’ என்றால் பி.சி.எம்.மோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்று பொருள், பி.சி.எம். கெட்டுவிட்டது என்று பொருளன்று. ஸ்கேனர் ஒரு சாட்சி, நீதிபதி அன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டின் 6, 14ஆம் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால், பெரும்பாலான கார்களில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். மாறினால் கம்பிகளில் பழுதைத் தேடலாம்.

மென்பொருளை எப்போது ஐயுறலாம்?

சுவிட்சை அழுத்தும்போது ஸ்கேனரில் அச்செய்தி தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஸ்கேனரிலிருந்தே விளக்குக்கு ஆணையிட்டுப் பார்க்க வேண்டும். செய்தியும் வந்து, ஆணைக்கு விளக்கும் எரிந்து, வழக்கமான முறையில் மட்டும் எரியவில்லையெனில், மென்பொருளையோ அதன் கோடிங்கையோ ஐயுறலாம். ஒரே மாடல் கார்கள் பலவற்றில், நனையாதவற்றிலும்கூட, அதே குறை தோன்றுவது மற்றோர் அடையாளம். அப்போது நிறுவனத்தின் புதிய மென்பொருளை ஏற்றுவதே தீர்வாகலாம். ஏற்றும் வேளையில் மின்சாரம் தடைபட்டால் நல்ல பெட்டியும் பாழாகக்கூடும்.

புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. அதற்குள் வேறொரு காரின் அடையாளமும் சாவி விவரமும் பதிந்திருக்கலாம். பல கார்களில் மறு கோடிங் இன்றி அது வேலை செய்யாது.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

காருக்குள் நீர் புகுந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. நீர் வடிந்தபின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, காரை இழுத்துச் செல்லச் செய்க. பழுது பார்க்கும் முன்னரே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஈடு கிடைக்காது. பெட்டியை மாற்றச் சொன்னால், “கப்ளரைப் பிரித்துப் பார்த்தீர்களா? ஸ்கேன் அறிக்கை எங்கே?” என்று கேளுங்கள், கழற்றிய பெட்டியைத் திரும்பப் பெறுங்கள்.

பட்டறைத் தொழிலில் உள்ள நம் இளைஞர்களும் மல்டிமீட்டரையும் ஸ்கேனரையும் முறையாகக் கற்றுத் தேர்வது நலம். பிறர் ஒப்படைத்த கார் ஓர் அமானிதம். பழுதை அறியாமல் பெட்டியை மாற்றினால், களிம்பேறிய கப்ளர் அங்கேயே இருக்கும்; அடுத்த மாதம் அதே கார் அதே குறையோடு வாசலில் வந்து நிற்கும். இடையில் கரைந்து போவது ஓர் எளிய குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாகும்.