கடல் தாண்டி வந்தோம். கடலில் கால் நனைத்தோமா?

தோட்டத்துத் தோழர்களே! தாய்மார்களே!

நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்கக் கடலைத் தாண்டி இந்த மண்ணில் இறங்கியவர்கள். "ராஜுலா கப்பல்ல வந்தோம்" என்று கதை சொன்ன பெரியவர்கள் எத்தனையோ லயங்களில் இருந்தார்கள். அப்படி வந்தவர்களின் பேரப் பிள்ளைகளில் எத்தனை பேர் கடல் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்?

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு ஓடை தெரியும், வாய்க்கால் தெரியும். கடல் தெரியாது. நாம் பஸ் பிடித்துப் போவதெல்லாம் பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை என்று கோயில் பயணம்தான். நல்லதுதான். ஆனால் தீவு என்று பேச்செடுத்தால் போதும், "அதெல்லாம் பணக்காரங்களுக்கும் வெள்ளக்காரங்களுக்கும்தான், நமக்கு எதுக்குங்க?" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அது சரியில்லை. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீவு இருக்கிறது. அதுதான் பங்கோர்.

கைக்கெட்டும் தீவு

பேராக் மாநிலத்தில் சித்தியவானைத் தாண்டினால் லூமுட். அங்கே படகுத்துறையில் பெர்ரி ஏறினால் சுமார் அரை மணி நேரப் பயணம். விமானம் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். சில பெர்ரிகள் முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். பங்கோர் பட்டணம் போகிறவர்கள் அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள். பட்டணத்தில் இறங்கியதும் ரோஜா நிற வேன்கள் காத்திருக்கும். பாசீர் போகாக், தெலுக் நிப்பா ஆகிய மணற்கரைகள் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஏறுமுன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவக்காற்று அடிக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். மேற்குக் கரையில் உள்ள பங்கோருக்கு அந்தக் காற்று நேராக வருவதில்லை. தீபாவளி லீவை ஒட்டியும் போய் வரலாம். 2020 ஜனவரி 1 முதல் இது தீர்வையற்ற தீவாகவும் ஆக்கப்பட்டது.

அங்கே நம்மவர்களும் இருக்கிறார்கள். கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில் நிற்கிறது. மாசி மகத்துக்குப் பக்தர்கள் கூடுகிறார்கள். தமிழ்ப் பள்ளியும் உண்டு. கும்பிட்ட கையோடு கடலையும் பார்த்து வரலாமே!

நம் கதை தொடங்கிய இடம்

பிள்ளைகளை அழைத்துப்போனால் இதையும் சொல்லிக்கொடுங்கள். ஈய வியாபாரத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் 1670இல் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1690இல் அது தாக்கி அழிக்கப்பட்டது. 1743இல் மறுபடி கட்டி, 1748இல் விட்டுப் போனார்கள். அதன் செங்கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமானது 1874 ஜனவரி 20ஆம் தேதி. அன்றுதான் பங்கோர் அருகே புளூட்டோ என்ற கப்பலில் ஆங்கிலேயர் பேராக் மலாய்த் தலைவர்களோடு பங்கோர் ஒப்பந்தம் செய்தனர். ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்றதில் ஆங்கில ரெசிடென்டின் யோசனையைக் கேட்டு நடக்கவேண்டும் என்று எழுதினார்கள். அங்கே பிடித்த பிடிதான் உள்நாடெல்லாம் பரவியது. ரோடு வந்தது, ரயில் வந்தது, தோட்டம் வந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று நம் பாட்டன்மாரைக் கூட்டமாகக் கப்பலேற்றினார்கள். ஆகவே பங்கோர் நமக்கு அந்நியத் தீவு அல்ல. நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் கிடக்கிறது.

தண்ணீருக்கு அடியிலும் ஒரு தோட்டம்

தெலுக் நிப்பாவை அடுத்த பவளக் கரைக்கு எதிரே கியாம் என்று ஒரு குட்டித் தீவு. படகில் கொண்டுபோய் விடுவார்கள். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டுக்கொண்டு குப்புற மிதந்தால், வரி போட்ட மீன்கள் கூட்டமாக ஓடுவது தெரியும். ரெடாங் மாதிரி தண்ணீர் தெளிவாக இருக்காது. மழை பெய்தால் கலங்கிவிடும். வெயில் நாளில், அலை குறைந்த நேரத்தில் போங்கள்.

கீழே கல் மாதிரி இருப்பது வெறும் கல் அல்ல. பவளம் என்பது கடுகளவு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டைப் பவளம் வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பால்மரக் கன்று ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். ஆனால் நம் இடுப்பு உயரம் வளர ஒரு பவளத்துக்கு நூறு வருஷம் ஆகலாம். காலை ஊன்றி ஒரு மிதி மிதித்தால் அத்தனை வருஷமும் போச்சு! பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் கெடுத்தால் நமக்கு மனசு பதறுமா இல்லையா? அதே மாதிரிதான். 2010இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில இடங்களையே மூடிவைத்தார்கள். ஆகவே தொடாதீர்கள், உடைக்காதீர்கள். மீனுக்கு ரொட்டியும் போடாதீர்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்வதுதான் பல மீன்களின் வேலை.

உயிர் முக்கியம், ஐயா!

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மறைப்பதுதான் ஆபத்து. படகுக்காரரிடம் முதலிலேயே "எனக்கு நீஞ்சத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகிலும் ஏறாதீர்கள், தண்ணீரிலும் இறங்காதீர்கள். எல்லா வாரையும் கட்டி, தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு, வேறு கேளுங்கள். காற்றடைத்த வளையம் லைஃப் ஜாக்கெட் ஆகாது. காற்று பிள்ளையோடு சேர்த்து அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டு: அக்கா, தங்கச்சிமாரே! சேலையோடும் தொங்கும் துப்பட்டாவோடும் இறங்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றும். உடம்போடு ஒட்டிய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

மூன்று: மூச்சுக் குழாயை இடுப்பளவுத் தண்ணீரில் பழகிய பிறகே ஆழத்துக்குப் போங்கள். மூச்சு வாயால்தான் விடவேண்டும். கண்ணாடிக்குள் முடி மாட்டினால் தண்ணீர் புகும்.

நான்கு: கடல் வெளியே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு ஓரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வரவேண்டும்.

ஐந்து: போத்தலைத் திறந்தவன் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. "ரெண்டு மடக்குதானே" என்று இறங்குகிறவனுக்காக வீட்டில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. கூட்டமாகப் போனால் குடிக்காத இருவர் கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

மழை மேகம் கறுத்தால் படகு வேண்டாம். கொடுத்த காசு போனால் போகட்டும்.

கூடிப் போவோம்

தனிக் குடும்பமாகப் போனால் செலவு கையைக் கடிக்கும். கோயில் கமிட்டியோ மணிமன்றமோ கூட்டு கட்டுவதுபோல மாதம் கொஞ்சம் சேர்த்தால், வருஷக் கடைசியில் ஒரு பஸ் பிடித்துவிடலாம். சோற்றை நாமே கட்டிக்கொண்டு போகலாம். குப்பையையும் நாமே கட்டிக்கொண்டு திரும்பவேண்டும். மாலையில் தெலுக் நிப்பாவில் பெரிய அலகு இருவாட்சிகள் பறந்து வரும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வரும்போது பங்கோர் நெத்திலியும் கருவாடும் வாங்கிவர மறக்காதீர்கள்.

நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில், "நான் கடலுக்குள்ள மீனைப் பார்த்தேன் டீச்சர்" என்று நிமிர்ந்து சொல்லட்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு இருக்கும் உலகம் அவனுக்கும் உண்டு என்று தெரியட்டும். பயந்து ஒதுங்கவும் வேண்டாம், தெரியாமல் குதிக்கவும் வேண்டாம். கற்றுக்கொண்டு போங்கள், எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வாருங்கள்!