வாவியைச் சுற்றும் வழி

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலே அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் விதையையுடைய தேற்றா மரத்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் இவ்விரண்டையும் ஒரே பகலிற் கண்டு திரும்பலாம்.

காலையிலே நெடுஞ்சாலை வழியாக வடக்கே புறப்பட்டால், செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம் ஆகிய ஊர்களைக் கடந்து மண்முனையை அடையலாம். முற்காலத்தில், ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவையே அங்கு ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்த்தது. 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது. அதனைக் கடந்தால் வயல்வெளிகள்; அப்பாற் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம். அங்கிருந்து தெற்கே அம்பிளாந்துறைப் பக்கமாகச் சென்று, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடியை அடைந்து ஊர் திரும்பலாம்.

இவ்வழியில் மலையேற்றம் இல்லை, மணலே சோதனை. சில்லின் காற்றைச் சற்றுக் குறைத்தால், அது அகன்று பதிந்து மணலிற் புதையாது ஓடும். மாரி காலத்தில் தாழ்ந்த வீதிகளை வெள்ளம் மூடுவதுண்டு. படுவான்கரையின் சில இடங்களில் இரவிலே யானைகள் வயலுக்கு வருவதால், பொழுது சாயுமுன் திரும்புதல் நன்று.

கரையோரக் கண்டல் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. கொக்கும் நீர்க்காகமும் அங்கே இரைதேடுகின்றன. கண்டல் அழிந்தால் மீனவரின் வலையும் வறிதாகும். ஆதலால், வண்டியை வீதியில் நிறுத்தி, அச்சேற்றை மிதியாது நின்று காண்பதே வாவிக்குச் செய்யும் மரியாதையாகும்.