கால் கண்டறிந்த சொல்

மிதித்தால் கால் உள்ளே போகும் ஈரநிலத்தை ஆங்கிலத்தில் 'பாகி' என்பார்கள். 'ரெயின்' என்பது 'ரெய்னி' ஆவதுபோல, 'பாக்' என்ற பெயரோடு 'இ' ஒட்டிப் பிறந்த பெயரடை அது. அகராதியைப் புரட்டினால் 'சதுப்பான', 'சேறான' என்று பொருள் போட்டிருக்கும். அது போதாது என்பதே என் கட்சி. 'பாக்' ஆங்கிலத்துக்குக் கடனாக வந்த சொல். ஐரிஷ் மொழியிலும் ஸ்காட்லாந்தின் கேலிக்கிலும் 'பொக்' என்றால் மென்மையானது, இளகியது. அதோடு விகுதி சேர்ந்து இளகிய நிலத்துக்குப் பெயராயிற்று. 1500ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. அந்த நூற்றாண்டு முடியுமுன் 'பாகி'யும் வந்துவிட்டது. ஐரிஷில் பெயரடையாக இருந்தது, பெயராகி, ஆங்கிலத்தில் மறுபடி பெயரடையானது. இந்தச் சுற்றில் தண்ணீரோ சேறோ எங்கும் இல்லை. மென்மை மட்டுமே இருக்கிறது.

ஈரநிலத்துக்கு ஆங்கிலத்தில் சொற்பஞ்சமா, ஏன் கடன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். 'ஃபென்', 'மார்ஷ்' இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். 'மயர்' வடக்கத்திய நார்ஸ் மொழி தந்தது. ஆனால் அயர்லாந்தின் நிலம் வேறு வகை. அங்கே மழைநீரை மட்டுமே குடித்து வளரும் ஸ்பாக்னம் பாசி, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அமிலமும் ஈரமும் மிகுந்து காற்றுப் புகாத இடத்தில் செத்த பாசி முழுதாக மக்குவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் கரியநிறக் கரிமண்ணாகப் படிகிறது. மேலே பார்த்தால் புல்லும் புதரும் மூடிய கெட்டித்தரை போலிருக்கும். காலை வைத்தால் தரை மெத்தைபோல் அமுங்கி, பக்கத்து நிலமும் அதிரும். செருப்பைச் சுற்றிப் பழுப்பு நீர் ஊறும். கண் ஏமாந்த இடத்தில் கால் கண்டுபிடித்த குணமே பெயராகியிருக்கிறது.

இங்கிலாந்திலும் இத்தகைய நிலம் உண்டே என்பது நியாயமான மறுப்பு. உண்டு, வட இங்கிலாந்தில் அதை 'மாஸ்' என்பார்கள், பாசிக்கும் அதே சொல்தான். ஆனால் அயர்லாந்தில் அது நாட்டின் நடுப்பகுதியையே நிரப்பிக் கிடந்தது. ஆங்கிலேய ஆட்சி அங்கே வேரூன்றியபோது சொல்லும் பரவியது. 1685இல் வில்லியம் கிங் என்பவர் அயர்லாந்தின் 'பாக்'குகளைப் பற்றி எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

பேயைக் குறிக்கும் 'போகில்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப்போடுவதற்கு ஒலியைத் தவிர ஆதாரமில்லை. 'பொக்'கின் மென்மைக்கோ இன்றைய பேச்சே சாட்சி: அவசரப்படாதே என்பதற்கு ஐரிஷ்காரர்கள் 'டோக் கோ பொக் ஏ', அதாவது 'மென்மையாக எடுத்துக்கொள்' என்கிறார்கள். மொழிபெயர்ப்பவர்களே, 'பாகி' வருமிடத்தில் 'சேறான' என்று எழுதாதீர்கள். 'பொதபொதவென்ற தரை' என்று எழுதுங்கள். ஒலி ஒத்திருப்பது தற்செயல்தான், ஆனால் பொருள் அச்சாகப் பொருந்துகிறது.