திரைப்பாடல் பதிப்புரிமை (இந்தியா)

திரைப்பாடல் பதிப்புரிமை என்பது திரைப்படப் பாடல்களின் மீது படைப்பாளிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் உள்ள சட்ட உரிமையாகும். செய்தித்தாள்கள் இதைக் காப்புரிமை என எழுதுவதுண்டு. அச்சொல் கண்டுபிடிப்புகளுக்கே பொருந்தும்.

ஒரு பாடலின் வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிப் படைப்புகள். முதலிரண்டுக்கும் படைப்பாளியின் வாழ்நாளும் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை மட்டுமே.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தயாரிப்பாளர் ஊதியம் கொடுத்து எழுதுவித்த பாடலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளராகலாம் என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருமுறை ஊதியம் பெற்ற பாடலாசிரியர், தம் பாடல் வானொலியில் எத்தனை முறை ஒலித்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க இயலாத நிலை இதனால் உறுதிப்பட்டது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. திரையரங்கில் படத்துடன் ஒலிப்பது தவிர்ந்த பிற பயன்பாடுகளில் கிடைக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் செல்லாது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியவர்களுள் முக்கியமானவர்.

உரிமை மாற்று ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.