போகையில் ஒன்பது, வருகையில் பதினொன்று

டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறப்பவன் ஒன்பது மணி சொச்சத்தில் கரை இறங்கிவிடுகிறான். அதே ஜாதி விமானம் அங்கிருந்து டோக்கியோவுக்குத் திரும்புகையிலோ, குளிர்காலமானால், ஏறக்குறைய பதினோரு மணி பிடிக்கிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. அது வாஸ்தவமானால் மேற்கே போகிறவனல்லவோ முந்திச் சேரவேண்டும்! காற்றும் பூமியோடு கூடவே சுழல்வதால், சுழற்சி நேராக லாபமும் தருவதில்லை, நஷ்டமும் தருவதில்லை.

தூரத்தை முதலில் பார்ப்போம். இரு நகரங்களும் அநேகமாக ஒரே அட்சரேகையை ஒட்டியிருப்பதால், சுவரில் தொங்கும் படத்தில் அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்தால் சுமார் 8,700 கிலோமீட்டர் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஒரு நூலை வைத்து இரு முனைகளையும் விறைப்பாக இழுத்துப் பாருங்கள். நூல் தானே வடக்கே நழுவி, அலூஷியன் தீவுகளின் பக்கமாக 48 பாகை வரை ஏறி இறங்கும். அந்த வழியில் 8,200 கிலோமீட்டர்தான். தட்டைப் படத்தில் வளைவாகத் தோன்றுவதே குறுக்கு வழி.

இனி நேரம். 1920களில் ததேனோ வானிலை ஆய்வு நிலையத்தில், வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ரப்பர் பலூன்களைப் பறக்கவிட்டு அவை போகும் திசையைத் தியோடலைட்டால் பின்தொடர்ந்து, ஒன்பது பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பிரவாகம் போல் ஓடும் உக்கிரமான காற்றைக் கண்டறிந்தார். உலகத்தார் யாவரும் படிக்கவேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு அதை எஸ்பெராண்டோ பாஷையில் 1926-இல் வெளியிட்டார். ஆகையால் வெளிநாட்டார் ஏறக்குறைய ஒருவருமே படிக்கவில்லை! ஜப்பானிய ராணுவம் மட்டும் 1944-45-இல் அந்தக் காற்றின் மீதே வெடிகுண்டு கட்டிய காகிதப் பலூன்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று, டோக்கியோவிலிருந்து ஹோனலூலுவுக்கு அதே காற்றோட்டத்தில் ஏறிச் சென்று, பதினெட்டு மணிப் பிரயாணத்தைப் பதினொன்றரை மணியில் முடித்தது.

கணக்கு சுலபமானது. விமானம் காற்றினூடே மணிக்கு 900 கிலோமீட்டர் செல்வதாகவும், காற்று சராசரி 100 கிலோமீட்டர் வீசுவதாகவும் கொண்டால், கிழக்கே 8.2 மணி, மேற்கே 10.25 மணி, ஏறி இறங்கும் நேரம் தனி. ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிறவன் நடு வெள்ளத்தை விட்டுக் கரையோரமாக ஒதுங்குவதைப் போல, மேற்கே செல்லும் விமானி அந்தக் காற்றை விலக்கி இன்னும் வடக்கே சுற்றிப் போவதுண்டு. தூரம் கூடும், நேரம் குறையும்.

தேதிக்கோட்டின் வித்தை வேறு. ஜனவரி மாதத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரை மணி நேரம் பறந்தால், சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதி காலை 9.30-க்கு இறங்கலாம்.