தோளிலிருந்து இறக்கி விடுங்கள், அப்பா

சென்னை மயிலாப்பூரில், லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா 1940-இல் திறக்கப்பட்டது. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய பூங்கா இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேக நடை போடுகிறவர்களுக்கு நடுவே மெதுவாக நகரும் ஒரு கூட்டமும் இங்கே உண்டு. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளோடு வரும் அப்பாக்கள்! அம்மாவோ பாட்டியோ கூட வராமல், பையைத் தாங்களே மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். குழந்தையின் செருப்பு பெரும்பாலும் அப்பாவின் கையில்தான் இருக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது அது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். நாள் முழுக்கப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும்.

இந்தக் கணக்குக்குச் சென்னை வெயிலில் ஒரே வழிதான்: விடிந்ததும் ஒரு பூங்கா, நடுப்பகலில் வீடும் தூக்கமும், வெயில் தாழ்ந்ததும் இன்னொரு பூங்கா.

அப்பாக்கள் தடுமாறுவது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அல்ல, வேகத்தில். கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010-இல் உருவான செம்மொழிப் பூங்கா ஏறத்தாழ 20 ஏக்கர். முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்று அப்பா நினைக்கிறார். குழந்தையோ வாசலைத் தாண்டியதும் ஓர் எறும்பு வரிசையைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறது. எழுந்து நாலடி நடக்கும், ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கும், மறுபடி உட்காரும். நேரம் வீணாகிறதே என்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டால் அப்பாவுக்குத்தான் உடற்பயிற்சி. உட்கார்ந்து எழுவதும், சரிவில் ஏறுவதும், ஒரே படியில் பத்து முறை ஏறி இறங்குவதும்தான் அந்த வயதின் ஓட்டமும் ஆட்டமும். கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனாலும் இதே கதைதான். மானைப் பார்ப்பது ஐந்து நிமிடம், காய்ந்த இலையை மிதித்து நொறுக்குவது அரை மணி. அந்த அரை மணிக்குக் காத்திருக்கத் தெரிந்த அப்பாவே நல்ல துணை. (கிண்டிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.)

சறுக்குமரத்தில் மட்டும் அப்பாக்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பயப்படுகிறதே என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானும் சறுக்குவது பாசத்தில் செய்வதுதான்; ஆனால் ஆபத்து. குழந்தையின் பாதம் ஓரத்தில் சிக்கிக்கொள்ள, பெரியவரின் எடை கீழே இழுக்க, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்துவிடுகிறது. குழந்தை தனியாகச் சறுக்கினால் பாதம் சிக்கினாலும் அத்தனை எடை அழுத்தாது. எனவே சிறிய சறுக்குமரமாகப் பார்த்துத் தனியே விட்டு, பக்கத்தில் நின்று பிடிப்பதே சரி. உலோகச் சறுக்குமரம் என்றால் முதலில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட வேண்டும்.

இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவது இன்னொன்று. குழந்தை கெக்கலி கொட்டிச் சிரிக்கும்தான். ஆனால் ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டின் தசைநார் இறுகியிருக்காது. ஒரே இழுப்பில் எலும்பு இடம் நழுவிவிடலாம். கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழுதால் நீவிவிட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் இந்தப் பயமே இல்லை.

பையில் இட்லி, வாழைப்பழம், தண்ணீர், மாற்று உடை இருந்தால் போதும். வாசலில் விற்கும் வறுத்த வேர்க்கடலை வேண்டாம். சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருட்களில் அது முக்கியமானது.

இவ்வளவையும் ஓர் அப்பா தனியாகச் சமாளித்துவிடுவார். குழந்தையின் டயப்பரை எங்கே மாற்றுவது என்பதில்தான் அவர் திணறிப்போகிறார். பொது இடங்களில் அதற்கான மேடை இருந்தாலும் பெரும்பாலும் பெண்கள் பக்கம்தான் இருக்கும். பூங்கா பெஞ்சில் துண்டை விரித்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தை வளர்ப்பில் அப்பாவுக்கும் பங்குண்டு என்று மேடைதோறும் பேசுகிறோம். பூங்காக்களைப் புதுப்பிக்கும்போது ஆண்கள் கழிப்பறையிலும் இடுப்பு உயரத்தில் ஒரு பலகையும், கை கழுவ ஒரு குழாயும் வைக்க மாநகராட்சிகள் முன்வர வேண்டும்.