குளிர்காலத்தில் காளான் குடிலின் ஈரப்பதன்

கமக்காரர்களே! சீகிரியாப் பகுதியில் மாரி மழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில் இரவு குளிர்ந்து, பகலில் காற்று வறள்கிறது. அக்காலத்தில் சிப்பிக் காளானின் இளமொட்டுகள் வாடி, ஓர் அறுவடையே வீணாதல் உண்டு.

காரணம் யாதெனின், குளிர்ந்த காற்றில் நீராவி சிறிதளவே தங்கும். பகலில் அது வெப்பமுற்றதும் மேலும் நீரை நாடி, காளானிலிருந்தே உறிஞ்சுகிறது. குளிருக்கு அஞ்சிக் குடிலில் நெருப்பு மூட்டினால் வறட்சி இன்னும் மிகும்.

ஆகவே, தரையில் மணல் பரப்பி நனைத்திடுக. சுவரோரம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுக. நாளுக்கு இருமுறை அல்லது மும்முறை, நுண்துளியாக நீரைக் காற்றிலே தெளித்திடுக. மொட்டுகளின்மேல் நீர் தேங்கினால் அவை அழுகும்.

இரு வெப்பமானிகளை அருகருகே வைத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுக. குடிலின் வெப்பம் 25 பாகை செல்சியசாக இருக்கையில், இரண்டிற்கும் வேறுபாடு 2 பாகையாயின் ஈரப்பதன் ஏறத்தாழ 84 சதவீதமாகும். காளானுக்கு வேண்டுவது 80 முதல் 90 சதவீதமே. வேறுபாடு 3 பாகையானால் உடனே மணலையும் சாக்கையும் நனைத்திடுக.

ஈரத்தைக் காக்கவென்று சாளரங்களை முற்றாக அடைத்தலும் தவறு. காற்றோட்டமின்றிக் காபனீரொட்சைட்டு மிகுந்தால், தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். நனைத்தபின் சிறிது நேரம் திறந்து வைப்பதே நன்று.